இரண்டு படிவங்கள், ஒரு பேனை

2024 நவம்பர் 19, செவ்வாய்

இன்று பாடசாலைக் குசினியில் முந்நூறு சின்னப் பிள்ளைகளுக்கு மக்கரோனி. கையில் பிடித்த சீஸ் மணம் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பாரிசிலிருந்து அண்ணை எடுத்துவிட்டார். மகள் றூபினி பெரிய பிள்ளையாகிவிட்டாளாம். சாமத்திய வீட்டை டிசம்பர் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைக்கிறாராம்.

“மாமிக்காரி நீ வந்து தண்ணி வாக்காமல் என்ன சாமத்திய வீடு? ஷெறோனையும் கூட்டிக்கொண்டு வா. மச்சாள் பக்கத்திலை நிக்காட்டி மேடையிலை ஏறமாட்டனெண்டு நிக்கிறாள் இவள்.”

அம்மாவின் செத்தவீட்டில் முறுகிக்கொண்ட பிறகு நாலு வருடமாக நத்தார் பண்டிகைக்கு மட்டும்தான் எங்களுக்குள் கதை. இன்று அவராக எடுத்து, அவராகக் கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கணவர் எட்வேட் பஸ் ஓட்டுகிற மனிதன், அவருக்கு இவ்வளவு கிட்டத்தில் லீவு கிடைக்காது. “நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ” என்றார்.

நவம்பர் 21, வியாழன்

என் மகள் ஷெறோன் முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறாள். அவளுக்கு மொக் பரீட்சையாம். கணக்கு முதல் தாள் 29 வெள்ளி காலை, இரண்டாம் தாள் 2 திங்கள் காலை. எங்கட சொந்தக்காரப் பெடியன் றொமேஷின் வான் லண்டனிலிருந்து வெள்ளி விடிய வெளிக்கிட்டுத் திங்கள் பின்னேரம்தான் திரும்பும். மற்ற ஆட்களும் அதில்தான் வருகிறார்கள்.

“அம்மா, திஸ் இஸ் இம்போர்ட்டன்ற்” என்கிறாள்.

“மொக் எண்டால் பழகிப் பாக்கிறதுதானே? உண்மைச் சோதினை மே மாசம்தானே?”

“ஓம், பட் தே யூஸ் இற். அம்மா, நீங்கள் கேக்கிறீங்கள் இல்லை.”

கேட்டேன்தான். ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். அங்கே பழகிப் பார்க்கிற சோதனைக்கு ஒருவரும் கணக்கு வைக்கவில்லை. கடைசிச் சோதனையில் எடுத்தது எடுத்ததுதான். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு தாள், ஒரு மின்னஞ்சல். பிள்ளைகளைப் பயப்படுத்துவதே இவர்களுக்கு வேலை.

வெள்ளி பின்னேரம் கோச் பஸ்சில் போய் ஞாயிறு பாதி விழாவோடு வெளிக்கிடலாம் என்று அவளே தேடிப் பார்த்துச் சொன்னாள். பாதியில் எழும்பி வந்தால் அண்ணை என்ன நினைப்பார்? சனிக்கிழமை பலகாரம் சுட ஆள் வேண்டாமா? வானில்தான் போகிறோம். முடிந்தது கதை.

நவம்பர் 29, வெள்ளி. டோவர்

கப்பலுக்கு வரிசையில் நிற்கிறோம். எட்டு மணிக்குப் பாடசாலைக்கு எடுத்து ஷெறோனுக்கு வயிற்றாலை போகிறது, சத்தியும் என்று சொன்னேன்.

எங்கட ஆட்களுக்கு வயிறு ஒரு வரப்பிரசாதம். காய்ச்சல் என்றால் எத்தனை பாகை என்பார்கள். கால் நோவு என்றால் நொண்டிக் காட்ட வேண்டும். வயிறு என்றால் அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். குசினி வேலைக்கென்றால் இன்னும் நல்லது: வயிற்றுக் கோளாறு என்றால் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரவே கூடாது என்று அவர்களே சட்டம் வைத்திருக்கிறார்கள். நானும் இன்று அதைத்தான் எங்கள் மேலாளர் மோரீனுக்குச் சொன்னேன். தாய்க்கும் மகளுக்கும் ஒரே வயிறு.

போனில் பேசிக்கொண்டிருக்கக் கடற்பறவைகள் தலைக்கு மேலே கத்தின. நான் வான் கதவை இழுத்துச் சாத்தினேன். வானுக்குள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷெறோன் மட்டும் காதில் பாட்டுக் கேட்கிற கம்பியைச் செருகிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

நான்தான் தண்ணி வார்த்தேன். அண்ணை எல்லாருக்கும் முன்னால் “என்ரை தங்கச்சி” என்றார். ஷெறோன் மயில்நீலச் சேலையில் நின்றாள், கண் பட்டிருக்கும். போன காசுக்கும் பட்ட பாட்டுக்கும் இது காணும்.

டிசம்பர் 10, செவ்வாய்

பாடசாலையிலிருந்து ஒரு படிவம். மொக் தவறியமைக்கான விளக்கம். பெற்றோர் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். உண்மையான சுகவீனம் என்று கையெழுத்து வைத்தால், அந்தத் தாளுக்குப் பதிலாக இந்தத் தவணை வகுப்புச் சோதனைகளின் சராசரியைப் போடுவார்கள். வேறு காரணம் என்றால் பூச்சியம்.

பின்னேரம் ஜெயகௌரியும் அதே படிவத்தோடு வந்தாள். என்னோடு குசினியில் வேலை செய்கிறவள், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். ஆங்கிலம் எழுதவேண்டியது எதுவென்றாலும் என்னிடம்தான் வருவாள். எங்கள் நோர்பரியில் பாதிப்பேருக்கு நான்தான் எழுத்துப்பிள்ளை. அவளுடைய மகள் கம்சிகாவும் ஷெறோனின் வகுப்புத்தான், கணக்கில் ஒரே பிரிவு. திங்கட்கிழமைத் தாளுக்குப் போகவில்லை. அன்று ஜெயகௌரிக்கு ஆஸ்பத்திரியில் மார்பு ஸ்கானின் முடிவு சொல்கிற நாள். டொக்டர் சொல்வது விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்ற பயத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நல்லகாலம், கட்டி வெறும் நீர்க்கட்டி.

“என்ன எழுத?” என்றேன்.

“உள்ளதை எழுதுங்கோ அக்கா. நான் வருத்தக்காரி, பிள்ளை மொழி சொல்ல வந்தவள். அவையும் மனிசர்தானே.”

எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், நாலு வரி. அவள் கையெழுத்து வைத்தாள், தேத்தண்ணி குடித்தாள், போனாள்.

அவள் இருந்த கதிரை இன்னும் தள்ளியபடி கிடந்தது. அதே மேசையில், அதே பேனையால் எங்கள் படிவத்தில் சுகவீனம் என்ற பெட்டியில் சரி போட்டேன். கடும் வயிற்றுக் கோளாறு, நான்கு நாள். இது உண்மை என உறுதிப்படுத்துகிறேன். பெர்னடெற்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை? வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

2025 ஜனவரி 16, வியாழன்

இன்றுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஷெறோன் தாளை விரித்து வைத்துக் கீறிக் கீறிச் சொன்னாள்.

கணக்கில் இரண்டு விதத் தாள். ஹையர் எழுதினால் ஒன்பதாம் தரம் வரைக்கும் எடுக்கலாம். பவுண்டேசன் எழுதினால், எல்லாக் கேள்வியும் சரியாகச் செய்தாலும் ஐந்துதான். அதற்கு மேல் கூரை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு எடுக்க ஏழு வேண்டும். கணக்கு இல்லாமல் எஞ்சினியரிங் இல்லை. இவளுக்குப் பாலம் கட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்தே தேம்ஸ் மேலே ரயில் போனால் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பக்கத்துப் பாலங்களின் கம்பியை எண்ணுகிற பிள்ளை. இவளுடைய பிரிவில் யார் ஹையர், யார் பவுண்டேசன் என்று பிரித்ததே அந்த மொக்கை வைத்துத்தான்.

பழகிப் பார்க்கிறது என்று நினைத்தேனே நான்! மடைச்சி.

பெயர்ப் பட்டியல் வந்திருக்கிறது. ஷெறோன் ஹையர். மாதாவே நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “கம்சி பவுண்டேசன்” என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

ஜெயகௌரி குளிர் அறைக்குள் நின்று அழுதாள். மீன் பெட்டி எடுக்கப் போனவள் வரவில்லையே என்று பார்க்கப் போனேன். “என்ரை வருத்தத்தாலை பிள்ளையின்ரை படிப்புப் போச்சுதக்கா. நான் தனியப் போயிருக்கலாம். ஏன் கூட்டிக்கொண்டு போனன்?” அந்தப் படிவத்துக்குப் பதில் ஒரே ஒரு சொல்லாம்: அனுமதியற்றது.

தோளைத் தடவினேன். என்ன தடவல். என் கை எனக்கே அருவருத்தது.

ஜனவரி 24, வெள்ளி

பாடசாலை விட்டு ஷெறோன் வந்தாள். புத்தகப் பையை நிலத்தில் எறிந்தாள்.

“கம்சியின்ரை ஃபோர்ம் நீங்களோ எழுதினது?”

ஓம் என்றேன்.

“எனக்கும் ஃபோர்ம் குடுத்தீங்களோ?”

அவள் இவ்வளவு நாளும் அந்தத் தொலைபேசிக் கதை மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தது தெரியாது. கம்சிகா கேட்டாளாம்: “உன்ரை அம்மாதான் எனக்கு உண்மையை எழுதித் தந்தவ. உனக்கு என்ன எழுதினவ?” பிள்ளை கழிப்பறைக்குள் போய் நின்றிருக்கிறாள்.

“யூ றோட் போத். அம்மா, ரெண்டையும் நீங்கள்தான் எழுதினீங்கள்!”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள்.

ஜனவரி 25, சனி

சாப்பாட்டை அறைக்குள் எடுத்துக்கொண்டு போகிறாள்.

ஜனவரி 28, செவ்வாய்

எட்வேட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடசாலைக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். மனிதனுக்குக் கோபம் வருவது வருடத்துக்கு ஒருக்கால். அது இன்றைக்கு.

“உனக்கென்ன விசரோ? முடிஞ்ச அலுவலைக் கிண்டி, பெத்த பிள்ளையின்ரை படிப்பிலை மண்ணள்ளிப் போடப் போறியோ? அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்ய வேணுமெண்டால் ரியூசன் எடுத்துக் குடு.”

“ரியூசன் எடுத்தால் கூரை உயருமோ? ஐஞ்சுக்கு மேலை இல்லையப்பா.”

“அதுக்கு எங்கட பிள்ளை என்ன செய்யும்?”

உண்மைதானே. ஷெறோன் என்ன செய்தாள்? சோதனை முக்கியம் என்று சொன்னவள் அவள். பஸ் தேடித் தந்தவள் அவள். நான் உண்மை சொன்னால் அடி விழுவது எனக்கில்லை, அவளுக்கு. இப்படி ஒரு பாவத்துக்கு எந்த வகையில் பிராயச்சித்தம்? பிள்ளையின் படிப்பைக் கொடுத்து என் கையைக் கழுவுவதா?

பெப்ரவரி 2, ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். பாவத்தைக் கேட்கிற சுவாமியார் என்ன கேட்பார் என்று தெரியும். செய்ததைச் சரி செய்யப் போகிறாயா மகளே என்பார். வரிசையை விட்டு விலகி வந்து கடைசி வாங்கில் இருந்தேன். மெழுகுதிரித் திருநாள், எல்லார் கையிலும் திரி. என் திரியை இரண்டு தரம் பக்கத்து மனிசி பற்ற வைத்துத் தந்தா.

வீட்டுக்கு வந்து ஷெறோனின் கதவைத் தட்டினேன். ஒன்பது நாளைக்குப் பிறகு அவள் முழு வசனம் பேசினாள். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

“நீங்கள் போய்ச் சொன்னால் நான் ஹையரை லூஸ் பண்ணுவன். சொல்லாட்டி என்னாலை கம்சியின்ரை முகத்தைப் பாக்க ஏலாது. ரெண்டும் எனக்குத்தான் நடக்கும். அதாலை என்னட்டைக் கேக்காதேங்கோ, அம்மா. நீங்கள் செய்தது, நீங்களே முடிவெடுங்கோ.”

பதினாறு வயதுகூட இல்லை. இது எங்கே படித்தாள் இப்படிப் பேச?

பெப்ரவரி 4, செவ்வாய்

போனேன்.

பதினோராம் வகுப்புக்குப் பொறுப்பான மிஸ்டர் பிரென்னன். நல்ல மனிதன்போல முகம். இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த ஆங்கிலம் கதவடியிலேயே போய்விட்டது. “அவளுக்கு வருத்தம் இல்லை. நான் பாரிசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குடும்ப விழா. அவள் வரமாட்டேன் என்றவள்” என்று சொல்லி முடித்தேன்.

அவர் கையிலிருந்த பேனையை மூடி வைத்தார். பிறகு, “இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்?” என்றார்.

கம்சிகாவின் படிவத்தையும் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. அவ்வளவு நாளும் ஒருவரும் கவனிக்கவில்லை. என்னுடைய g எழுத்துக்கு எப்போதும் வால் நீளம். இரண்டிலும் அந்த வால் தொங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. அழுதேன். மானம் ரோசம் எல்லாம் போக, மூக்கு வடிய வடிய அழுதேன்.

“அந்தத் தாய் உண்மையைச் சொன்னா. பூச்சியம் கொடுத்தீர்கள். நான் பொய் சொன்னேன். சராசரி என்று ஐம்பத்தெட்டுக் கொடுத்தீர்கள். இதுதானா உங்கள் விதி?”

கேட்ட பிறகு பயந்துவிட்டேன். குசினியில் வேலை செய்கிறவள் நான், யாரிடம் என்ன கேட்கிறேன்? அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கம்சிகாவின் விடயத்தை மேலிடத்தோடு பேசுவதாகச் சொன்னார். ஷெறோனைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, தண்டிக்கிறதென்றால் என்னைத் தண்டியுங்கள் என்றேன். தாய்மாருக்குப் புள்ளி போடுகிற பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை என்று எனக்கும் தெரியும்தான்.

“படிவம் பொய் என்று தெரிந்த பிறகு நான் அதை வைத்திருக்க முடியாது” என்றார். கதவு வரைக்கும் கூட வந்தார்.

பெப்ரவரி 5, புதன்

ஜெயகௌரிக்கு அவர்கள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே சொன்னேன். இருவரும் கரட் சீவிக்கொண்டிருந்தோம். அவள் கை நிற்கவில்லை. ஒரு கரட் முழுதாக முடிந்தது. அடுத்ததை எடுத்தாள்.

“எனக்கும் அப்பிடி எழுதலாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றாள்.

“சொல்லியிருந்தால் எழுதுவிச்சிருப்பியோ?”

“மாட்டன். ஆனா கேட்டிருக்கலாம்.”

அதற்குப் பிறகு நாள் முழுக்க அவள் வாயில் அக்கா வரவில்லை. தட்டைத் தாங்கோ, கத்தியைத் தாங்கோ. அவ்வளவுதான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்துவிட்டது. பெற்றோரின் ஆஸ்பத்திரித் தேவைக்காகத் தவறிய பிள்ளைகளுக்கு மட்டும், வியாழன் பாடசாலை முடிந்த பிறகு புதிய தாள் ஒன்று வைப்பார்களாம். கம்சிகா எழுதலாம்.

ஷெறோனுடைய சராசரி நீக்கப்பட்டது. இரண்டு தாளும் பூச்சியம். பவுண்டேசன்.

வாசித்துப்போட்டு மடித்து மேசையில் வைத்தாள். “ஓகே” என்றாள். எட்வேட் என்னைப் பார்க்காமல் சீருடையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

என்ர பிள்ளை. என்ர பிள்ளையின்ரை பாலத்தை நானே உடைச்சுப்போட்டன். யாருக்குப் போய்ச் சொல்ல? ஒரு பலகாரச் சட்டிக்காக. அண்ணை மேடையிலை “தங்கச்சி” எண்டு சொல்ல வேணுமெண்டதுக்காக. கோச் பஸ்சிலை போயிருக்கலாமே! அவள் ரிக்கெற் விலைகூடப் பாத்து வைச்சிருந்தாளே!

பெப்ரவரி 14, வெள்ளி

கம்சிகாவுக்கு அறுபத்தொன்று. ஹையர்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணை வீடியோ அனுப்பியிருக்கிறார். நாலு மணித்தியாலம். எட்வேட் தொலைக்காட்சியில் போட்டார். மயில்நீலச் சேலை வந்தபோது ஷெறோன் எழும்பி மாடிக்குப் போனாள். நான் நிறுத்தச் சொன்னேன்.

இப்போது பஸ்சில் போனாலும் அவள் எனக்கு முன் இருக்கையில்தான். என்ன கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்கிறாள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

மே 15, வியாழன்

இன்று உண்மைச் சோதனை, கணக்கு முதல் தாள். ஷெறோனும் கம்சிகாவும் ஒன்றாகத்தான் போனார்கள். ஒரே மண்டபம், ஒரே நேரம், வேறு வேறு தாள். “ஈசியாம்மா?” என்று கேட்டேன், வந்ததும். “டூ ஈசி” என்றாள். அந்த நேரம் அவள் முகம் அழுகிற முகம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

ஐந்து.

கூரையில் முட்டிக்கொண்டு நிற்கிற ஐந்து. மூன்று தாளிலும் சேர்த்து ஒன்பது புள்ளிதான் போயிருக்கிறது. மற்றப் பாடங்கள் நல்லாய் வந்திருக்கின்றன, பௌதிகம் எட்டு. கம்சிகாவுக்குக் கணக்கு ஏழு. பாடசாலை வாசலில் இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைத் தேற்றினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயகௌரி கிட்ட வந்து என் கையைப் பிடித்தாள். “நீங்கள் போய்ச் சொல்லாட்டி இண்டைக்கு இது இல்லை” என்றாள். இன்னும் அக்கா இல்லை. பரவாயில்லை. கையைப் பிடித்தாளே.

செப்டெம்பர் 9, செவ்வாய்

ஷெறோன் குரொய்டன் பக்கம் ஒரு கொலிஜில் சேர்ந்துவிட்டாள். பழைய பாடசாலையில் கணக்கு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். இங்கே ஹையர் தாளை நவம்பரில் எழுத விடுகிறோம் என்கிறார்கள். ஏழு வந்தால் அடுத்த செப்டெம்பரில் கணக்கோடு புதிதாகத் தொடங்கலாம். ஒரு வருடம் பிந்தும். கூடப் படித்த பிள்ளைகள் ஒரு வகுப்பு மேலே போய்விடுவார்கள்.

“அதுக்கென்ன, ஒரு வருசம்தானே” என்றார் எட்வேட். பதினாறு வயதில் ஒரு வருடம் எவ்வளவு நீளம் என்று மனிதனுக்கு மறந்துபோச்சு.

அவளாகவே படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்சிகா தன்னுடைய பழைய கொப்பிகளோடு வருகிறாள். நான் றோல்ஸ் பொரித்து வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒக்டோபர் 18, சனி

அண்ணை எடுத்தார். நவம்பர் ஒன்று சனிக்கிழமை புது வீட்டுக்குக் குடிபுகுகிறாராம், சுவாமி வந்து மந்திரிக்கிறாராம். செவ்வாய்க்கிழமை வரை நின்று ஆறுதலாகப் போகலாமாம்.

“ஷெறோனுக்கு நாலாம் திகதி சோதினை, அண்ணை. நான் வரேல்லை.”

“அவளை எட்வேட் பாப்பார்தானே? வேலைக்கு வழக்கம்போல வயிறெண்டு சொல்லிப்போட்டு வா.” சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரமாட்டேன் என்றேன் திரும்பவும். முகம் திருப்பினால் திருப்பட்டும். நத்தாருக்குக் கதைப்பம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலை ஆறரைக்கு மோரீனுக்கு எடுத்தேன்.

“வயிறா, பெர்ன்?” என்று அவளே கேட்டுவிட்டாள். தட்டில் வைத்துத் தந்ததுபோல. ஓம் என்று ஒரு சொல், நாற்பத்தெட்டு மணித்தியாலம் லீவு.

“இல்லை. என் மகளுக்கு இன்று கணக்குச் சோதனை. நான் கூடப் போக வேண்டும்.”

மோரீன் லீவுப் பட்டியலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, அது சுகவீன லீவு இல்லையே, இவ்வளவு கிட்டத்தில் கேட்டால் தன்னால் தர முடியாது, அனுமதியற்றது என்றுதான் பதிய வேண்டிவரும் என்றாள். ஜெயகௌரிக்கு வந்த அதே சொல். “வயிறு என்றே சொல்லியிருக்கலாமே” என்றாள், பாவம், நல்ல மனம்தான்.

“தெரியும். அப்படியே பதியுங்கள்” என்றேன்.

திரும்பினால் ஷெறோன் படியில் நிற்கிறாள். ஒரு கையில் பேனைகள் போட்ட கண்ணாடிப் பை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. சப்பாத்தைப் போட்டாள்.

பஸ்சில் ஆட்கள் அதிகமில்லை. இருக்கைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. அவள் வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கொலிஜ் வாசல் வரைக்கும் சூத்திரங்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என் தோளில் அவள் தோள் முட்டியபடி இருந்தது. நான் அசையவே இல்லை.

வாசலில் தன் தொலைபேசியை என் கையில் தந்தாள். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம்.

“ஒண்டரை மணித்தியாலம் அம்மா. மழை வந்தால் பஸ் ஸ்ரொப்பிலை நில்லுங்கோ. போயிடாதேங்கோ.”

பஸ் ஸ்ரொப்பில் இருந்துதான் இதை எழுதுகிறேன். மழை தூறுகிறது. இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.